தளிகையும் கலையும்: திருச்சிச் சீமையின் அடுப்படி மரபுகள்

ஸ்ரீரங்கம் திருமடைப்பள்ளியில் சமைப்பவர்கள் ருசி பார்ப்பதில்லை. உப்பு போதுமா, புளி தூக்கலா என்று ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்க முடியாது. பெருமாள் அமுது செய்தருளும் முன் மனித நாக்கு அதில் படக்கூடாது என்பது நியமம். அப்படியிருந்தும் பிரசாதம் விற்கும் ஸ்ரீபண்டாரத்தில் இன்று வாங்கும் புளியோதரை போன மாதம் வாங்கியதன் சாயலிலேயே இருக்கிறது. நாக்கை ஒதுக்கி வைத்துவிட்ட பரிசாரகருக்குக் கண்ணும் காதும் கையும்தான் துணை. கடுகு வெடித்து அடங்கும் ஓசை, புளிக்காய்ச்சலின் ஓரத்தில் நல்லெண்ணெய் பிரிந்து நிற்கும் நேரம், கிளறும்போது கரண்டிப் பிடியில் தெரியும் கனம் ஆகியவற்றை வைத்தே எப்போது இறக்குவது என்று முடிவு செய்கிறார்.

இதைக் கலை என்று சொல்லலாமா, நல்ல கைத்தொழில் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டுமா?

பிளேட்டோவைக் கேட்டால் கலை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பார். அவருடைய ‘கோர்ஜியஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் சமையலைப் பழக்கத்தால் வரும் சாமர்த்தியம் என்று ஒதுக்குகிறார். மருத்துவம் உடம்புக்கு எது நல்லது என்று காரணம் அறிந்து செய்கிறதாம். சமையல் நாக்குக்கு முகஸ்துதி பாடுகிறதாம். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஐரோப்பாவில் அந்த வழக்கு முழுதாக முடியவில்லை. ஜெர்மனியின் காசெல் நகரில் நடக்கும் ‘டாகுமெண்டா’ என்னும் நவீன ஓவிய, சிற்பக் கண்காட்சி 2007இல் ஃபெர்ரான் அட்ரியா என்ற ஸ்பானியச் சமையல்காரரைக் கலைஞராக அழைத்தது. உடனே, இது எப்படிக் கலையாகும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது.

தமிழ் மரபோ இந்த வழக்கில் எப்போதுமே எதிர்த்தரப்பு. மணிமேகலையின் ஊரலர் உரைத்த காதை, நாடக மகளிர் கற்றுத் தேர்ந்த கலைகளை அடுக்கிச் சொல்லும்போது கூத்து, பாட்டு, யாழ், குழல், ஓவியம் என்ற வரிசையிலேயே சமையல் நூலாகிய மடைநூலையும் வைக்கிறது. தனி மரியாதையும் இல்லை, தாழ்வும் இல்லை. பட்டியலில் அதுவும் ஒன்று. அதற்கும் முந்தைய சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன் அளிக்கும் விருந்தை வீமன் செய்த சமையல் நூலின் நெறிப்படி ஆக்கிய உணவு என்கிறது. வீமன் உண்மையில் நூல் எழுதினானா என்பது வேறு பேச்சு. சமையலுக்கு ஒரு நூல் உண்டு, அதன் நெறியில் நின்றால் பெருமை என்று அந்தக் காலப் புலவர் நினைத்திருக்கிறார் என்பதே இங்கே சாட்சி.

பரதரின் நாட்டிய சாஸ்திரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 6ஆம் அத்தியாயத்தில் ரசம் எப்படிப் பிறக்கிறது என்று விளக்க வேண்டிய இடத்தில் பரதர் அடுப்படிக்குள் நுழைகிறார். பல வகைப் பொருள்களும் மசாலாக்களும் சேர்ந்து உணவில் ஒரு சுவை எழுவது போல, பல பாவங்கள் சேர்ந்து மேடையில் ரசம் எழுகிறது என்கிறார். நாட்டியம் தன்னை விளக்கிக்கொள்ளச் சமையலிடம் கடன் வாங்கியிருக்கிறது. கடன் கொடுத்தவர் கலையுலகில் உறுப்பினரா என்று இப்போது விசாரிப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

ஆனால் பழைய நூல் சொல்கிறது என்பதற்காக மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு வித்தையைக் கலை என்று ஏற்க மூன்று விஷயங்கள் தேவைப்படும். அதற்குப் பாணிகள் இருக்க வேண்டும். இன்னது பிழை என்று சொல்லத் துல்லியமான சொற்கள் புழங்க வேண்டும். பிழையைப் பிடிக்கும் ரசிகர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். கர்நாடக சங்கீதத்துக்கு இந்த மூன்றும் இருப்பதால்தான் 1914இல் தொடங்கிய திருச்சி ரசிக ரஞ்சன சபாவில் பாடகர் தப்பிக்க முடியாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சமையலுக்கும் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

ஸ்ரீரங்கத்திலிருந்தே தொடங்கலாம். 156 ஏக்கர், ஏழு திருச்சுற்று, 21 கோபுரம் என்று கோயிலை அளப்பவர்கள் அதற்குள் நிற்கும் வட்ட வடிவமான நெற்களஞ்சியங்களையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். அவ்வளவு பெரிய குதிர் கட்டிய இடத்தில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கோயிலின் வரலாற்றைச் சொல்லும் ‘கோயிலொழுகு’, ராமானுஜர் கைங்கர்யங்களைப் பத்துக் கொத்தாகப் பிரித்து ஒழுங்கு செய்ததைப் பதிவு செய்கிறது. யார் எதைச் செய்வது, எப்போது செய்வது என்ற அந்த ஒழுங்குக்குள் அடங்கியதே பெருமாளுக்கான சமையலாகிய தளிகை. 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பில் உற்சவர் ஊரைவிட்டுப் போய், பல ஊர்களில் தங்கி, 1371இல் திரும்பி வந்தார். இடைவெளி அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு தலைமுறை விட்டுப்போன பிறகும் வழிபாட்டைப் பழையபடி நிறுத்த முடிந்ததென்றால், முறை சிலரின் நினைவிலாவது தங்கியிருக்க வேண்டும்.

இங்கே சோறு மண்பானையில் வேகிறது. மண் மெதுவாகச் சூடேறும், இறக்கிய பிறகும் சூட்டை விடாது. பித்தளை உருளியில் பழகிய கைக்கு இது பெரிய சோதனை. சோறு முக்கால் பதத்தில் இருக்கும்போதே இறக்கினால்தான் மிச்சக் கால் பங்கைப் பானையே பார்த்துக்கொள்ளும். முழுப் பதத்துக்குக் காத்திருந்தால் திறக்கும்போது குழைந்திருக்கும். இரவில் கண்டருளும் அரவணை இந்த மண்பானைக் கணக்கின் உச்சம். அரிசி, வெல்லம், நெய் என்று பொருள்கள் எளிமையானவை. அடி பிடிக்காமல் இறுக விடுவதில்தான் ஆட்டமே இருக்கிறது.

அன்றாடத்துக்கு வெளியே வரும் தளிகைகள் தனிக்கதை. டெல்லி சுல்தானின் மகளாகச் சொல்லப்படும் துலுக்க நாச்சியாரை முன்னிட்டுக் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் உண்டு. கோதுமை விளையாத காவிரிக்கரையில், அரிசியைத் தெய்வமாக நினைக்கும் ஊரில், டெல்லிக் கதையொன்றின் நினைவாக நாள்தோறும் ரொட்டி தட்டுகிறார்கள். மரபு என்றால் அசையாமல் உட்கார்ந்திருப்பது என்று நினைப்பவர்களுக்கு இந்த ரொட்டியே பதில். ஆனி மாத ஜ்யேஷ்டாபிஷேகத்துக்கு மறுநாள் பெரிய திருப்பாவாடை. சந்நிதி முன்பு சோற்றைப் பரப்பி, நெய்யும் மா, பலா, வாழையும் சேர்த்துச் சமர்ப்பிக்கும் அந்தக் காட்சியில் சமையல் கண்ணுக்கான கலையாகவும் ஆகிவிடுகிறது.

இதற்கெல்லாம் அளவு எங்கிருந்து வந்தது? கோயில்களில் படித்தரம் என்று ஒன்று உண்டு. இந்தப் படையலுக்கு இந்தப் பொருள் இவ்வளவு என்ற நிர்ணயம். அம்பாசமுத்திரத்தில் வரகுண பாண்டியன் பெயரால் உள்ள, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கல்வெட்டு இதற்கு அருமையான உதாரணம். 290 காசு கொடுத்து, அதன் வட்டியிலிருந்து நான்கு வேளைப் படையலுக்கும் அரிசி, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, கறி, வெற்றிலை பாக்கு வரை அளவு விதிக்கிறது. அதோடு விடவில்லை. காயம் என்ற தலைப்பில் மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி என்று ஐந்தையும் பிரித்துச் சொல்கிறது. கல்லில் வெட்டிய மசாலாப் பட்டியல்! திருப்பதி லட்டுக்கு 1950இல் தேவஸ்தானம் நிர்ணயித்த ‘திட்டம்’ இதே மரபின் பிற்காலப் பிள்ளை.

அந்த ஐந்தில் மிளகாய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பொருள்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்த பிறகே இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவை. பெரிய கோயில் மடைப்பள்ளிகள் பெரும்பாலும் அவற்றை உள்ளே விடவில்லை. காரம் என்றால் மிளகும் சுக்கும்தான். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி அப்படிப்பட்டது. மிளகு, சீரகம், சுக்கு தட்டிப் போட்டு, மூங்கில் குடலையில் இலை விரித்து மாவை ஊற்றி வேகவைப்பது. அழகர்கோயில் தோசையைப் பற்றியும் திருக்கண்ணபுரத்து முனியதரையன் பொங்கலைப் பற்றியும் பக்தர்கள் பேசும் தொனியைக் கேட்டால், வீணையில் தஞ்சாவூர் பாணி, மைசூர் பாணி என்று பேசுவது போலவே இருக்கும்.

ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகளில் இந்த மடைப்பள்ளி மரபு இறங்கி வந்து குடியேறியிருக்கிறது. சாத்தமுது, கறியமுது, திருக்கண்ணமுது என்று பெயர்களிலேயே கோயில் வாசனை. அன்றாடச் சமையலில் மிளகாயும் தக்காளியும் எப்போதோ சம்பந்தியாகிவிட்டன. ஆனால் திவசம் வந்தால் வீடு சட்டென்று ஐந்நூறு ஆண்டு பின்னே போகிறது. மிளகாய் கிடையாது, மிளகு சீரகம்தான். உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோஸ், கேரட் எதற்கும் அனுமதி இல்லை. வாழைக்காய், சேனை, சேப்பங்கிழங்கு, பாகற்காய், புடலை, பிரண்டைத் துவையல் இவைதான். பிதிர்களுக்காகச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே, போர்த்துக்கீசியக் கப்பல் வருவதற்கு முந்தைய தமிழ்ச் சமையலின் பெரும்பகுதியைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். எந்த அருங்காட்சியகமும் இவ்வளவு ஒழுங்காக வருஷா வருஷம் தன் சரக்கைத் தூசி தட்டி வைத்ததில்லை. சமையல் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் திவசச் சாப்பாட்டை இன்னும் கவனமாக ஆராயாதது ஆச்சரியம்.

இந்த வீடுகளின் பெருமைக்குரிய உருப்படி அக்காரவடிசல். சூடிக்கொடுத்த நாச்சியார் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசலும் நேர்ந்துகொண்டதும், பின்னாளில் ராமானுஜர் அதை நிறைவேற்றியதும் வைணவ உலகம் அறிந்த வரலாறு. மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியன்று ஸ்ரீரங்கத்தில் அது மணக்காத தெரு இல்லை. செய்முறையைச் சொன்னால் சின்னதாகத்தான் இருக்கும். பச்சரிசியையும் கொஞ்சம் பாசிப்பருப்பையும் நெய்யில் புரட்டி, தண்ணீருக்குப் பதில் பாலிலேயே வேகவிட்டு, மசிந்த பிறகு வெல்லப்பாகு, நெய், குங்குமப்பூ, பச்சைக்கற்பூரம் சேர்ப்பது. சங்கடம் பாலில் இருக்கிறது. அரிசி பாலில் லேசில் வேகாது. தீயைத் தூண்டினால் அடி பிடிக்கும். வெல்லம் சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் அரிசி மசியவே மசியாது. ஆகவே வெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக நிற்க வேண்டும். விரலால் நசுக்கினால் நடுவில் அரிசியின் ‘கண்’ தட்டுப்படக் கூடாது. அந்த நிமிஷத்துக்கு முன்னால் வெல்லம் போட்டவர் செய்தது சர்க்கரைப் பொங்கல். நல்லதுதான், ஆனால் அக்காரவடிசல் ஆகாது. இந்தத் தீர்ப்பை வழங்க ஸ்ரீரங்கத்து மாமிகளுக்கு அரை ஸ்பூன் போதும்.

பிழையைச் சொல்லும் சொற்களைப் பொறுத்தவரை தமிழ் அடுப்படி எந்த சங்கீத விமர்சகருக்கும் இளைத்ததில்லை. பச்சை வாசனை, காந்தல், காறல், சிக்கு, ஊசல், கசறு என்று ஒவ்வொரு குற்றத்துக்கும் தனிப்பெயர். பாகுக்கு மட்டும் கம்பிப் பதம், இளம்பாகு, முற்றின பாகு, உருட்டுப் பதம் என்று படிக்கட்டு. அதிரசத்துக்குப் பாகு ஒரு படி இறங்கினால் எண்ணெயில் கரைந்து போகும், ஒரு படி ஏறினால் கல்லாகும். வெப்பமானி வைத்துச் சொல்ல வேண்டிய நுட்பத்தைத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு துளி விட்டு உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். பிளேட்டோ கேட்ட ‘காரணம்’ இங்கே இருக்கிறது. அது விரல் நுனியில் இருக்கிறது என்பதுதான் அவருக்குச் சிக்கல்.

கொள்ளிடம் தாண்டினால் சமயபுரம். அங்கே மாரியம்மன் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காகத் தானே விரதம் இருக்கிறாள். பச்சைப் பட்டினி விரதம் என்பார்கள். அந்த நாள்களில் சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டுமே. ஊறவைத்த அரிசியை இடித்து வெல்லம் சேர்த்த துள்ளுமாவில் அடுப்புக்கு வேலையே இல்லை. பங்குனி வெயில் ஏறும் பருவத்துக்கு ஏற்ற குளிர்ச்சி என்று காரணம் சொல்வார்கள். ஸ்ரீரங்கம் நெய்யை ஊற்றித் தன் பாணியைக் காட்டுகிறது. சற்றுத் தள்ளிச் சமயபுரம் அடுப்பையே அணைத்துத் தன் பாணியைக் காட்டுகிறது.

ஊருக்குள் வந்தால் நத்தர் வலி தர்கா. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா அடக்கமான இடம். திருச்சியில் நவாபுகள் தங்கியிருந்த காலத்தின் தாக்கம் பிரியாணியில் தெரியும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் தமிழ் முஸ்லிம் சமையலின் தனிக்கையெழுத்தைப் பார்க்க வேண்டுமானால் நோன்புக் கஞ்சியைப் பார்க்க வேண்டும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், வசதி இருந்தால் கொத்துக்கறி. நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றில் முதலில் இறங்குவது என்பதால் காரம் மட்டு, வெந்தயம் முக்கியம். ரமலான் மாதத்தில் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு நிற்கும் வரிசையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. கஞ்சி சொட்டவும் கூடாது, கட்டியாக விழவும் கூடாது, வழிய வேண்டும். இதுவும் ஒரு பதம்தான்.

பொன்மலையைப் பற்றி ஒரு வார்த்தை. 1928இல் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தபோது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் நிறைய வந்தன. தேங்காய்ப்பாலில் வேகவைத்த மஞ்சள் சோறு, கொத்திய இறைச்சியை உருட்டிப் போட்ட ‘பால் கறி’ (ball curry), கூடவே ‘பெப்பர் வாட்டர்’. கடைசியாகச் சொன்னது நம் மிளகு ரசம் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்தது. குடும்பங்கள் பலவும் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று போய்விட்டதால் இந்தப் பாணிக்கு இப்போது ரசிகர்களைவிட நினைவுகள் அதிகம்.

மணப்பாறை முறுக்கு வேறு ரகம். அங்கே கோயில் நியமமும் இல்லை, குடும்ப ரகசியமும் பெரிதாக இல்லை. ரயில் நிலையத்தில் நின்ற பயணிகள்தான் அதன் முதல் ரசிகர்கள். அரிசி மாவு, ஓமம், சீரகம், எள், பெருங்காயம், உப்பு. பாதி வெந்ததும் எடுத்து ஆறவிட்டு மறுபடி எண்ணெயில் போடும் இரட்டைப் பொரியல்தான் அதன் கரகரப்புக்குக் காரணம். முதல் பொரியலில் உள்ளே தங்கும் ஈரம் ஆறும்போது மேற்புறத்துக்கு வருகிறது. இரண்டாம் பொரியல் அதையும் விரட்டிவிடுகிறது. ஊர்க்காரர்களோ எல்லாப் பெருமையையும் லேசாக உப்புக் கரிக்கும் தங்கள் தண்ணீருக்குக் கொடுத்துவிடுவார்கள். 2023இல் மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது நல்ல விஷயம். ஆனால் கரகரப்புக்கு எந்தச் சட்டமும் காவல் நிற்க முடியாது. பேருந்து ஜன்னலில் நீட்டப்படும் எல்லாப் பொட்டலமும் ஒரே தரம் என்று மணப்பாறைக்காரரே சொல்ல மாட்டார்.

கல்யாணச் சமையல் என்ற பெரிய பள்ளியைத் தொடாமல் இந்தச் சுற்று முடியாது. மண்டபத்தின் பின்புறம் கோட்டை அடுப்பு மூட்டி, அண்டாவும் ஜல்லிக்கரண்டியும் சட்டுவமுமாக இரவெல்லாம் நிற்கும் கோஷ்டியின் தலைவர் உண்மையில் கணக்கு வாத்தியார். பத்துப் பேர் சாம்பாரை நூறால் பெருக்கினால் ஆயிரம் பேர் சாம்பார் வராது. பெரிய அண்டாவில் விகிதப்படி ஆவியாவது குறைவு, ஆகவே தண்ணீரைக் குறைக்க வேண்டும். இறக்கிய பிறகும் நடுவில் கொதி அடங்காது, ஆகவே காயைக் கொஞ்சம் விறைப்பாக விட வேண்டும். பந்தி மூன்றாவது சுற்றுக்கு வரும்போது பருப்பு இறுகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். முதல் பந்தியில் உட்காருபவர் கொடுக்கும் பாராட்டை விவரமான மாஸ்டர் நம்புவதில்லை. கடைசிப் பந்தியில் ரசம் எப்படி இருந்தது என்பதுதான் அவருக்குப் பரீட்சை.

இவ்வளவு பேசிய பிறகும் ஓர் உறுத்தல் இருக்கிறது. கோயில் மடைப்பள்ளியில் சமைத்தவர்கள் குறிப்பிட்ட குடும்பங்களின் ஆண்கள். கல்யாணக் கோஷ்டியின் தலைவர்களும் பெரும்பாலும் ஆண்கள். நாள்தோறும் மூன்று வேளை சமைத்த பெண்களின் வேலைக்குக் கடமை என்று பெயர் வைத்தார்கள், கலை என்று வைக்கவில்லை. அவர்கள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்கள், காகிதத்தில் ஏற்றவில்லை. தஞ்சையில் சரபோஜி மன்னர் காலத்து அரண்மனைச் சமையல் குறிப்புகள் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்று சரசுவதி மகாலில் பத்திரமாக இருக்கின்றன. ஆங்கிலேயச் சமையல், பிராமணச் சமையல், மராட்டியச் சமையல் என்று அரண்மனை மூன்று அடுப்படிக்கும் குறிப்பு வைத்திருந்தது. (சாம்பாரே மராட்டிய அரண்மனையில் பிறந்தது என்ற கதை கேட்க நன்றாக இருக்கும், சான்று கேட்டால் கதை சொன்னவர் பேச்சை மாற்றுவார்.) அரண்மனைக்குக் கிடைத்த எழுத்தர் வீட்டு அடுப்படிக்குக் கிடைக்க வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ முதல் தொகுதியை வெளியிட்டார். கண்ணளவு, கையளவு என்று வாய்வழி வந்ததை அளந்து எழுதியதுதான் அவர் செய்த காரியம். சங்கீதத்தில் சுரப்படுத்தி எழுதியவர்களுக்குக் கிடைத்த மரியாதையில் பாதியாவது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

கலைஞன் என்றால் கையெழுத்து வேண்டும் என்று இன்றைய உலகம் எதிர்பார்க்கிறது. திருமடைப்பள்ளியில் அதற்கு இடமே இல்லை; பரிசாரகரின் பெயர் யாருக்கும் தெரியாது, புதுமை செய்தால் அது அபசாரம். அந்தப் பக்கத்துக்கு நேர் எதிரில் நிற்பவர் விஜய்குமார். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை, திருச்சியில் கேட்டரிங் படித்தவர். நியூயார்க்கில் அவர் சமைக்கும் ‘செம்ம’ உணவகம் 2022இல் மிஷெலின் நட்சத்திரம் வாங்கியது. 2025இல் அவருக்கு ஜேம்ஸ் பியர்ட் விருது. அங்கே பேர் வாங்கிய உருப்படிகளில் ஒன்று நத்தைப் பிரட்டல். ஏழை வீட்டு வயல்நத்தையை நம்மூர் ஓட்டல்கள் பெரும்பாலும் மெனுவில் போடத் துணியாதபோது அவர் அதைக் கையெழுத்தாக்கினார். பெயர் தெரியாத பரிசாரகரும் மேடையேறிய செஃபும் ஒரே கலையின் இரண்டு முனைகள் என்று ஏற்றுக்கொண்டால், தட்டில் சாஸைக் கோடு இழுத்து ஓவியம் காட்டுவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அது பரிமாறும் கலை. பாதகமில்லை, ஆனால் விஷயம் நாக்கில்தான் தீர்ப்பாகும்.

இந்த மாவட்டத்தில் இதுவரை யாரும் சரியாகப் பதிவு செய்யாத பள்ளி ஒன்று மிச்சமிருக்கிறது. துறையூர், உப்பிலியபுரம் வழியாக ஏறினால் வரும் பச்சைமலை. தென்புறநாடு, வண்ணாடு, கோம்பை என்று பிரிந்து கிடக்கும் ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய சோறு சாமை; கூடவே கேழ்வரகுக் களி, மலைப் பயறுகள், பருவத்தில் பலா. சாமையின் உமி அரிசியை ஒட்டிக்கொண்டு விடாது. உரலில் குத்துவது, முறத்தில் புடைப்பது, மறுபடி குத்துவது என்று பல சுற்று வேண்டும். ஓர் உலக்கை கூடினால் தவிடு போய் ருசியும் போகும், ஒன்று குறைந்தால் பல்லில் உமி. நெல்லரிசியைப் போலத் தண்ணீர் வைத்தால் கூழாகும். கொதி வந்ததும் சட்டென்று வேகும், இறக்கும் நேரம் தப்பினால் அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்து மண்பானைக்கு இருக்கும் அதே நுட்பம், கல்வெட்டும் ஒழுகும் இல்லாமல்.

ஆனால் பள்ளியின் மூலப்பொருளே மாறிக்கொண்டிருக்கிறது. சாமைக்காட்டைக் கணிசமாக மரவள்ளி பிடித்துவிட்டது. கிழங்கு லாரியேறி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது, கையில் காசு வருகிறது, அடுப்பில் ரேஷன் அரிசி வேகிறது. விவசாயியை இதற்காகக் குறை சொல்ல முடியாது. சாமையை எந்தப் பதத்தில் இறக்குவது, எந்த நோன்புக்கு எது கட்டாயம், பலாக்கொட்டையை எத்தனை விதமாகச் சமைப்பது என்று மலையாளிப் பாட்டிகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுத ஆள் வேண்டும். கோயில் கல்வெட்டுகளைப் படியெடுக்க ஆள் கிடைத்த மாவட்டத்தில் இதற்கும் கிடைக்காமலா போகும்? பலா பழுக்கும் பருவத்தில் மலையேறினால் வேலையும் நடக்கும், வருகிறவர் பசியோடும் திரும்ப மாட்டார்.